கொல்லி மலையில் தவமிருந்த சீமைப் பாட்டி

கொல்லி மலை தவசிகளின் மலை. கோரக்கர் முதலான சித்தர்கள் இங்குள்ள குகைகளில் தவம் செய்தார்கள் என்று சொல்வது வழக்கம். மலையின் நடுவே அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் தங்கள் பாடல்களில் பெயர் சொல்லிப் போற்றிய தலம் அது. பக்கத்தில் ஆகாச கங்கை அருவி விழுகிறது. ஆடிப் பதினெட்டு அன்று பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நீராடிச் சாமி கும்பிடுகிறார்கள்.

இந்த மலையின் வாழவந்தி என்ற ஊரில் ஒரு கல்லறை இருக்கிறது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி உறங்குகிறார். அருகிலேயே அவருடைய கணவரின் கல்லறை. கணவர் 1929-ல் காலமானார். பாட்டி 1974-ல் காலமானார். நடுவே நாற்பத்தைந்து வருஷங்கள்!

அந்த நாற்பத்தைந்து வருஷமும் அவர் என்ன செய்தார்? லண்டன் மாநகரின் செல்வக் குடும்பத்தில் பிறந்த ஒரு சீமாட்டி, கொல்லி மலையில் சாவதற்கு ஏன் ஆசைப்பட்டார்? அதுதான் இந்தக் கதை.

சாயக் குச்சியும் பட்டு உடையும்

அவர் பெயர் ஈவ்லின். 1879-ல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் வசதி படைத்த வியாபாரி. வீடு நிறையப் பிள்ளைகள். தான தர்மத்துக்கும் குறைவில்லாத குடும்பம்.

ஈவ்லின் ஓவியம் பயின்றவர். இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் அவருக்குத் தீராத ஆசை. நல்ல அழகி. பட்டு உடையும், இறகு வைத்த தொப்பியும் அணிந்து செல்வார். பார்த்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

முப்பது வயதை நெருங்கும்போது மனம் மாறியது. கடவுளுக்காகத் தன்னை முழுவதும் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. எங்கே போவது, என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞரின் பேச்சைக் கேட்டார். ஜெஸ்ஸி, கட்டிட வேலை தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. உஷ்ண தேசத்து நோய்களுக்கான வைத்தியத்தை ஒரு வருஷம் படித்துவிட்டு, 1907-ல் சேலம் ஜில்லாவுக்கு வந்தவர். சேந்தமங்கலத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்து பார்த்தால் கொல்லி மலை சுவர் போல எழுந்து நிற்கும். மேலே ஆயிரக்கணக்கான மலையாளி மக்கள் இருந்தார்கள். டாக்டர் கிடையாது. பள்ளிக்கூடம் கிடையாது. சாலையும் கிடையாது. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் அங்கே தங்க மாட்டார்கள். இதைத்தான் ஜெஸ்ஸி லண்டனில் எடுத்துச் சொன்னார்.

ஈவ்லினுக்கு வழி தெரிந்துவிட்டது. தகப்பனாருக்கு விருப்பமில்லை. அருமை மகள் இந்த வயதில் கடல் கடந்து போக வேண்டுமா என்று வருந்தினார். மகள் கேட்கவில்லை. சென்னைக்குக் கப்பல் ஏறினார். தமிழ் கற்றார்.

மழையில் நடந்த கலியாண ஊர்வலம்

1913-ல் சேந்தமங்கலத்தில் ஈவ்லினுக்கும் ஜெஸ்ஸிக்கும் கலியாணம் நடந்தது.

புது மணத் தம்பதிகள் தேன்நிலவுக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போன காலம் அது. இவர்கள் கொல்லி மலைக்குப் போனார்கள். செங்குத்தான ஒற்றையடிப் பாதை. மணப்பெண்ணுக்கு டோலி. பாதி வழியில் மழை கொட்டியது. மேலே போய்ச் சேர்ந்தபோது மணப்பெண் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

வாழவந்தியில் ஜெஸ்ஸி தம் கையாலேயே ஒரு மர வீடு கட்டியிருந்தார். அதுதான் அரண்மனை. அங்கே 1914-ல் பிறந்த மகன் பாலும், 1916-ல் பிறந்த மகள் கானியும் வளர்ந்தார்கள்.

கொல்லி மலை பல நாடுகளாகப் பிரிந்தது. வாழவந்தி நாடு, திருப்புலி நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று அந்த வரிசை நீளும். ஒவ்வொரு நாட்டிலும் சின்னச் சின்ன ஊர்கள். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. இறங்கி ஏற வேண்டும். கணவனும் மனைவியும் குதிரையிலும் நடந்தும் இந்த நாடுகளைச் சுற்றினார்கள்.

வீட்டுத் தாழ்வாரமே ஆஸ்பத்திரி. ஜெஸ்ஸி பல் பிடுங்குவார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பார். பிள்ளைகளுக்குப் படிப்பும் தச்சு வேலையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆரஞ்சு பயிரிடவும் கற்றுக் கொடுத்தார்கள்.

காலில் குடியிருந்த புழு

மலை மக்களை வாட்டி வதைத்த வியாதி நரம்புச் சிலந்தி. இன்றைய வாசகர்கள் பலர் அதன் பெயரைக் கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். அதன் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரைக் குடித்தால் குஞ்சு உடம்புக்குள் போய்விடும். சுமார் ஒரு வருஷம் உள்ளேயே வளரும். நூல் போல மெலிந்து, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு நீண்டுவிடும். பிறகு காலில் கொப்புளம் கிளப்பி, அதன் வழியே தலை நீட்டும். நெருப்பு வைத்தது போல எரியும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் நனைப்பான். அந்த நிமிஷமே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். படி இறங்கி மொள்ளும் கிணறுகளில் இப்படித்தான் ஊருக்கே நோய் பரவியது.

இதற்கு மருந்து இல்லை. புழுவின் நுனியை ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்தால் கால் முழுவதும் சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி நாள் கணக்கில் பொறுமையாகச் சுற்றி எடுப்பார். கூடவே, கிணற்றில் கால் வைக்காதபடி சுவர் எழுப்புங்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். கிணறும் வெட்டிக் கொடுத்தார்.

இவ்வளவு செய்தும் அவர்கள் சொன்ன சமயத்தை மலை மக்கள் ஏற்கவில்லை. மருந்து வாங்கிக்கொள்வார்கள், ஆனால் தங்கள் சாமிதான் தங்களுக்குச் சாமி. வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்டால் தெய்வக் குற்றம் வரும் என்று எச்சரித்தார் ஒரு பூசாரி. ஆண்டுகள் ஓடின. பிரார்த்தனைக் கூட்டத்துக்கு மலை மக்கள் சேரவில்லை.

பூசாரி கொடுத்த குழந்தை

1918-ல் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சல் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தக் காய்ச்சல் கொல்லி மலையிலும் ஏறியது.

வீட்டுக்கு வீடு பாயில் கிடந்தார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆள் இல்லை. பயத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்கள். ஊர் ஊராக எடுத்துச் சென்று, படுத்திருந்தவர்கள் வாயில் ஊற்றினார்கள்.

எதிர்த்து நின்ற பூசாரியின் வீட்டிலும் காய்ச்சல் புகுந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர்கள் இந்த இருவர்தான். கடைசி நாள் வரை பணிவிடை செய்தார்கள். தான் பிழைக்க மாட்டோம் என்று பூசாரிக்குத் தெரிந்துவிட்டது. தன் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்தார். சொந்த பந்தத்தை நம்பவில்லை. தான் எதிர்த்த வெள்ளைக்காரரை அழைத்து அவர் கையில் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுக் கண் மூடினார். அதில் பெண் குழந்தைக்கு ஒரு வயது கூட நிரம்பவில்லை. ஈவ்லின் அந்தக் குழந்தையைத் தம் மகளாக வளர்த்தார். ரூத் என்று பெயர் வைத்தார்.

மலை இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் ஒருவர் இருவராக மக்கள் வரத் தொடங்கினார்கள். வாழவந்தியில் ஒரு சிறு சபை உருவாயிற்று. அப்போதும் மலையில் பெரும்பாலோர் தங்கள் பழைய தெய்வங்களையே கும்பிட்டார்கள். இன்றும் அப்படித்தான். ஆனால் அந்த வெள்ளைக்கார அம்மாவைக் கண்டால் யாரும் கதவைச் சாத்தவில்லை.

பெற்ற மனம்

தவத்துக்கு விலை உண்டு. ஈவ்லின் கொடுத்த விலை பெரியது.

1923-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார்கள். பாலுக்கு ஒன்பது வயது, கானிக்கு ஏழு. படிப்புக்காக இருவரையும் லண்டனில் அத்தை சித்திமார் போன்ற உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் கொல்லி மலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகளைப் பிரிந்த அந்த நிமிஷத்தில் தமக்குள் ஏதோ ஒன்று செத்துப்போனதாக ஈவ்லின் பிற்காலத்தில் சொன்னதுண்டு. மலைக் குழந்தைகளுக்குத் தாயாக இருந்தவர், தாம் பெற்ற குழந்தைகளை ஆறு வருஷம் கண்ணால் பார்க்கவில்லை. இது சரியா, தவறா? அந்தக் கேள்வி அவரையும் சும்மா விட்டிருக்காது.

ஜெஸ்ஸி மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். எந்தப் பறவையைப் பார்த்தார், எந்த மரம் பூத்தது என்றெல்லாம் எழுதுவார். ஊருக்குத் திரும்ப இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை. அப்போது மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப் போகும் கொடிய காய்ச்சல் அவரைப் பிடித்தது. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி அவர் காலமானார். வயது 44.

லண்டனுக்குத் தந்தி பறந்தது. தந்தி போய்ச் சேர்ந்த பிறகும் கப்பல் தபாலில் ஜெஸ்ஸியின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மாண்டுபோன தகப்பன் உயிரோடு இருப்பது போல எழுதிய கடிதங்கள்! பதினான்கு வயது மகன் அவற்றைப் பிரித்துப் படித்தான்.

ஈவ்லினும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். மகனுக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. பட்டு உடுத்திய ஓவியக்காரி எங்கே? வற்றி, வளைந்து, சிறுத்துப்போன ஒரு மாது வந்து நின்றார்.

கிழவி வேண்டாம் என்றார்கள்

இனி அவர் ஊரிலேயே இருந்துவிடுவார் என்று எல்லோரும் எண்ணினார்கள். அவரோ மறுபடியும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். மலையைச் சுற்றிய ஐந்து மலைத்தொடர்களிலும் ஊழியம் செய்வதென்று கணவரோடு சேர்ந்து போட்ட சங்கல்பம் பாக்கியிருந்தது.

மிஷன் சங்கத்தார் அவரைச் சமவெளியில் வேலைக்கு வைத்தார்கள். விடுமுறை கிடைத்தால் போதும், ஈவ்லின் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லி மலைக்குப் போய்விடுவார்.

வயது அறுபத்தெட்டு ஆயிற்று. உனக்கு வயதாகிவிட்டது, இனி அனுப்புவதற்கில்லை என்று சங்கத்தார் கையை விரித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. கிழவி காட்டில் விழுந்து கிடந்தால் யார் பொறுப்பு? ஒரே ஒரு வருஷம் கொடுங்கள் என்று ஈவ்லின் மன்றாடினார். கொடுத்தார்கள். வருஷம் முடிந்தது. வழியனுப்பு விழாவுக்கு ஏற்பாடு செய்தபோது ஈவ்லின் தம் முடிவைச் சொன்னார். சங்க வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். ஆனால் ஊருக்குப் போகவில்லை. என் சொந்தச் செலவில் மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்!

பிடிவாதம் என்பார்கள் சிலர். வைராக்கியம் என்பார்கள் சிலர். எல்லோரும் ஓய்வு எடுக்கும் வயதில் அவருடைய உண்மையான வேலை தொடங்கியது. பிராண்ட் பாட்டி என்ற பெயரும் அப்போதுதான் நிலைத்தது.

கண்ணாடி இல்லாத வீடு

மலையில் ஒரு மண்சுவர்க் குடிசை. ஒரு மட்டக் குதிரை. இவைதான் பாட்டியின் சொத்து.

விடிந்தால் குதிரை ஏறுவார். ஊர் ஊராகப் போவார். மருந்து கொடுப்பார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார், வேதம் படித்துக் காட்டுவார். நாதியற்ற குழந்தைகளை வீட்டுக்கு எடுத்து வந்து வளர்ப்பார். கல்வராயன் மலை, பச்சை மலை என்று மற்ற மலைகளுக்கும் போனார். கணவர் தொடங்கிய நரம்புச் சிலந்தி ஒழிப்பை அவர் விடவில்லை. அவரும் உடனிருந்தவர்களும் உழைத்த உழைப்பில் கொல்லி மலையைவிட்டு அந்தப் புழு ஓடியது. இந்தியா முழுவதும் அந்த நோயின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1996-ல். மலைப் பாட்டி அதற்கு வெகு காலம் முந்திக்கொண்டார்.

ஒருமுறை கல் நிறைந்த பாதையில் குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்தார். அது முதல் முழங்காலுக்குக் கீழே சரியான உணர்ச்சி இல்லை. எழுபத்தைந்து வயதில் மறுபடியும் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவெல்லாம் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்து பார்த்தார். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் சுமந்து மலை இறக்கினார்கள். பிறகு குண்டும் குழியுமான சாலையில் நூற்றைம்பது மைல் ஜீப் பிரயாணம்.

மகன் பால் பிராண்ட் அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பெரிய சர்ஜன். குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்றவர். அவர் தாயைத் தேடி மலைக்குப் போனார். தாயார் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். மலையை விட்டு வந்துவிடுங்கள் என்று மகன் டாக்டர் என்ற முறையில் கண்டிப்பாகச் சொன்னார். பாட்டி மறுத்துவிட்டார். உழைப்புக்கு உதவாவிட்டால் இந்தக் கிழ உடம்பைக் காப்பாற்றி வைத்து என்ன பயன் என்பது அவருடைய கட்சி. உலகமே மெச்சிய டாக்டர் தோற்றுப்போய் மலை இறங்கினார்.

அந்தக் குடிசையில் ஒரு பொருள் மட்டும் கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடி! கடைசி இருபது வருஷம் பாட்டி தம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலும் வெயிலும் முகமெல்லாம் கோடு கிழித்திருந்தன. ஒரு காலத்தில் லண்டன் வீதியில் எல்லோரும் திரும்பிப் பார்த்த முகம் எப்படி ஆயிற்று என்று பார்க்க அவருக்கு ஆசையும் இல்லை, நேரமும் இல்லை. பாட்டி வந்தால் பிள்ளைகள் ஓடி வந்து குதிரையைப் பிடித்துக்கொள்ளும். அந்த முகங்களைப் பார்ப்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

மண்ணுக்கு மண்

தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான் குதிரைச் சவாரியை விட்டார். ஊர் சுற்றுவதை விடவில்லை. அன்பு கொண்ட ஆட்கள் அவரை டோலியில் வைத்து ஊருக்கு ஊர் தூக்கிச் சென்றார்கள். கலியாணத்தன்று டோலியில் மலையேறிய மணப்பெண், அறுபது வருஷம் கழித்து அதே மலையில் மறுபடியும் டோலியில் போனார்.

1974-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ந் தேதி பாட்டி காலமானார். வயது 95.

தம்மை எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். சவப்பெட்டி வேண்டாம். ஒரு சாதாரணப் பருத்தித் துணி போதும். உடம்பு மண்ணோடு மண்ணாகப் போக வேண்டும். அப்படியே வாழவந்தியில், ஜெஸ்ஸியின் அருகில், துணியில் சுற்றி அடக்கம் செய்தார்கள்.

சித்தர்கள் மனிதர் கண்ணில் படாமல் இருக்க மலையேறினார்கள் என்பார்கள். இந்தப் பாட்டி மனிதரைத் தேடி மலையேறினார். கஞ்சி அண்டாவும், குச்சியில் சுற்றிய புழுவும், மட்டக் குதிரையும்தான் அவருடைய தவச்சாலை. அவர் கும்பிட்ட சாமி வேறாக இருக்கலாம். தன்னை மறந்தவரைப் பெரியவர் என்று சொல்ல எந்த மதத்தவரும் தயங்க மாட்டார்கள்.

இப்போது கொல்லி மலைக்குப் போவது சுலபம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ் மேலே போகிறது. அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாச கங்கையில் நீராடித் திரும்பும் அன்பர்கள், நேரம் இருந்தால் வாழவந்திக்கும் ஒரு நடை போய் வரலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல்லறைகள் இருக்கின்றன. கலியாண மழையில் நனைந்து வந்தவர்கள் அங்கே உறங்குகிறார்கள்.